ஜோசையா மார்ஷல் ஹீத்

ஜோசையா மார்ஷல் ஹீத் (இறப்பு: 1851) ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணக் குடிமைப் பணியில் இருந்தவர்; பின்னர் இரும்புத் தொழில் முனைவோராகவும் உலோகவியலாளராகவும் அறியப்பட்டவர் ஆவார். ஐரோப்பிய ஊது உலை முறையில் இரும்பு உருக்கும் தொழிலை இந்தியாவில் பெருமளவில் தொடங்கிய முன்னோடிகளுள் இவர் முக்கியமானவர். 1830 இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையை நிறுவினார். வார்ப்பு எஃகு செய்யும்போது மாங்கனீசுச் சேர்மத்தைச் சிறிதளவு இடும் முறைக்கு 1839 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டு முயற்சிகளும் தொழில்நுட்ப அளவில் வெற்றி பெற்றவை. எனினும் இரண்டிலும் இவருக்குப் பொருள் இழப்பே ஏற்பட்டது. உலையில் என்ன நிகழ்கிறது என்பதை நன்கு அறிந்திருந்த ஹீத், உலைக்கு வெளியே இருந்த காடு, சாலை, கடன், ஒப்பந்தம் ஆகியவற்றைத் தம் பிடிக்குள் கொண்டுவர இயலாது போனார். தொழில் நிறுவனங்களில் புதுமைகளை மேலாண்மை செய்வது பற்றிப் பயில்வோருக்கு இவரது வாழ்க்கை பயனுள்ள ஒன்றாகும்.

பழைய சேலம் மாவட்டத்து இரும்பு

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகள் பாரமகால் என்ற பெயரில் திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்து 1792 இல் கம்பெனியின் வசம் வந்தன. பின்னர் இவை சேலம் மாவட்டத்தின் பகுதிகளாயின. தருமபுரி 1965 இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004 இல் பிரிந்தது. ஆகவே ஹீத்தின் காலத்து ஆவணங்களில் சேலம் எனக் குறிக்கப்படும் நிலப்பரப்பை இன்றைய சேலம் மாவட்டமாக மட்டும் கொள்ளுதல் தவறாகும்.

இப்பரப்பின் மலைகளில் காந்த இரும்புத்தாது மிகுதியாக உள்ளது. 1864 இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் கிங், ஃபுட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இத்தாதுப் படிவுகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தது. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலை அவற்றுள் பெயர்பெற்றது. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலை மற்றொரு தொகுதியாகும். தீர்த்தமலையைச் சிவத்தலமாக அறிந்தோர் பலர். அது இரும்பு மலை என்பதை அறிந்தோர் சிலரே. இப்பகுதியில் இரும்பின் பயன்பாடு மிகத் தொன்மையானது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதாகத் தமிழ்நாடு அரசு 2022 இல் அறிவித்தது.

சேலத்தில் பணி

ஹீத் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணப் பணிக்கு வந்தார். சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாகப் பணியாற்றினார். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து, துணியைக் கொள்முதல் செய்து, ஏற்றுமதிக்கு அனுப்புவது இப்பதவியின் முதன்மைப் பணி. இப்பதவி ஹீத்துக்கு உள்ளூர்த் தொழில்களை நெருங்கிக் காணும் வாய்ப்பை அளித்தது. சிற்றூர்களில் இரும்பு உருக்கி எஃகு செய்தோரின் வேலையை இவர் கூர்ந்து நோக்கினார். பின்னாளில் அதனை இலண்டன் அரச ஆசியச் சங்கத்துக்குக் கட்டுரையாக எழுதி அனுப்பினார். 1839 இல் அச்சங்கத்தின் ஆய்விதழில் அது வெளியாயிற்று. தென்னிந்திய எஃகு முறை பற்றி ஆராய்வோர் இன்றும் எடுத்தாளும் ஆவணங்களுள் அதுவும் ஒன்று.

அவர் விவரிக்கும் உலை ஏறத்தாழ நான்கு, ஐந்து அடி உயரமுள்ள களிமண் உலை. அடிப்புறம் அகன்று மேற்புறம் குறுகிய வடிவுடையது. சில மணி நேரத்தில் கட்டி முடிக்கத்தக்கது. ஆட்டுத்தோல் துருத்திகளை மூங்கில் குழாயோடு பொருத்திக் காற்று ஊதினர். தாதைப் பொடித்து, நீரில் அலசிக் குவார்ட்சு மணலை நீக்கிய பின், மரக்கரியோடு மாறி மாறி இட்டனர். கிடைத்த இரும்பைத் தட்டித் தூய்மை செய்து சிறு துண்டுகளாக்கினர். அத்துண்டுகளை உலர்ந்த ஆவாரை மரத்துண்டுகளோடு மூசையில் இட்டு, எருக்கு இலை போன்ற பச்சிலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தனர். இருபது முதல் இருபத்து நான்கு மூசைகளை ஓர் உலையில் அடுக்கி ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஊதினால் எஃகு ஆயத்தமாகிவிடும். ஆறிய மூசையை உடைத்து எடுக்கும் எஃகு வில்லையே ஐரோப்பாவில் ஊட்சு எஃகு என்று பெயர் பெற்றது. மைக்கேல் பாரடே 1819 முதல் சில ஆண்டுகள் சோதனைச் சாலையில் ஆராய்ந்ததும் இவ்வகை எஃகையே.

ஹீத்தை வியப்பிலாழ்த்தியது இந்த இரண்டரை மணி நேரமே. இங்கிலாந்தில் அக்காலத்தில் இரும்புச் சட்டங்களைக் கரித்தூளில் புதைத்துப் பல நாள்கள் சூடேற்றி முதலில் எஃகாக்கினர். நல்ல வார்ப்பு எஃகு வேண்டுமாயின் அதனை மீண்டும் மூசையில் இட்டு உருக்க வேண்டும். இது 18 ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டு நகரில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் உருவாக்கிய முறை. சேலத்துத் தொழிலாளர் இரண்டு படிகளையும் ஒரே மூசையில் முடித்துவிட்டனர். ஹீத் இதனை வெளிப்படையாக ஏற்றார். அதே நேரத்தில் இம்முறையின் குறையையும் சுட்டினார். தாதிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த இரும்பு ஏறக்குறைய 15 விழுக்காடு மட்டுமே. எஞ்சியது கசடோடு போயிற்று. பெரிய உலையும் வலிய காற்றும் இருந்தால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம் என்பது அவரது கணக்கு.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

ஹீத் 1825 அளவில் கம்பெனிப் பணியை விட்டு விலகி, இரும்பாலை தொடங்கும் பணியில் முழுமையாக இறங்கினார். சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனியுரிமையைக் கம்பெனி அவருக்கு வழங்கியதோடு கடன் முன்பணமும் கொடுத்தது. கருவிகளையும் கைத்தேர்ச்சி பெற்றோரையும் இங்கிலாந்திலிருந்து தருவித்தார். 1830 இல் இன்றைய கடலூர் மாவட்டத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் ஆலை எழுந்தது. 1833 இல் இது பரங்கிப்பேட்டை எஃகு இரும்புக் கம்பெனி என்ற அமைப்பாக மாறியது. மலபார்க் கரையில் பேப்பூரிலும் ஒரு கிளை அமைந்தது.

தாது இருந்த இடத்திலிருந்து வெகு தொலைவில், கடற்கரையில் ஆலையை நிறுவியது ஏன் என்ற கேள்வி இயல்பாகவே எழும். செய்யப்படும் இரும்பை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுவதும், எந்திரங்களை இறக்குவதும் துறைமுகத்தில் எளிது. ஆனால் ஆலைக்கு வேண்டிய பொருள் உள்நாட்டில் இருந்தது. கஞ்சமலைப் பகுதியின் தாது வண்டிகளில் காவிரிக்குச் சென்று, அங்கிருந்து கொள்ளிடம் வழியாகவும் கான்சாகிப் கால்வாய் வழியாகவும் படகில் பரங்கிப்பேட்டையை அடைந்தது. ஆற்றில் நீர் இல்லாத மாதங்களில் இவ்வழி பயன்படாது. தாதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி வெறும் குவார்ட்சு என்பதையும் கருத வேண்டும்.

தாதைவிடப் பெரும் சிக்கலாக அமைந்தது எரிபொருள். சேலத்து உலைகளுக்கு அருகில் நிலக்கரி இல்லாமையால் மரக்கரியையே நம்ப வேண்டியிருந்தது. சிற்றூர் உலை சில கூடை கரியோடு அடங்கிவிடும். காடு அதனைத் தாங்கியது. ஊது உலையோ இரவு பகலாக எரிவது. அணைத்தால் பெரும் செலவு. ஆலையைச் சுற்றியிருந்த மரங்கள் குறையக் குறையக் கரி மேலும் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. பெரிய உலை தாதின் இழப்பைக் குறைத்தது உண்மையே. ஆனால் மீதமான பணத்தைக் கரியும் வண்டிச் சத்தமும் விழுங்கின. அக்காலத்தில் இங்கிலாந்தில் சுட்ட நிலக்கரியைக் கொண்டு மலிவாக இரும்பு உருக்கப்பட்டு, அது கப்பலேறி இந்தியச் சந்தைக்கும் வந்துகொண்டிருந்தது.

தொடக்க ஆண்டுகளில் உலைகளை இந்தியத் தாதுக்கு ஏற்ப இயக்கும் பட்டறிவும் போதவில்லை. முதலீடு குறைவு, கம்பெனிக்குத் திருப்பித் தரவேண்டிய கடனோ ஏறிக்கொண்டே சென்றது. ஹீத் தமது சொந்தச் செல்வம் முழுவதையும் இதில் இழந்தார். இத்தனைக்கும் பரங்கிப்பேட்டை இரும்பின் தரத்தில் குறை இல்லை. மரக்கரியில் உருக்கப்பட்டதால் கந்தகம் குறைந்த அவ்விரும்பு, எஃகு செய்வதற்கு உகந்ததாக ஷெஃபீல்டில் மதிக்கப்பட்டது.

பரங்கிப்பேட்டை இரும்பு வேல்சிலுள்ள மெனாய் தொங்கு பாலத்திலும் பிரித்தானியா குழாய்ப் பாலத்திலும் பயன்பட்டதாகப் பல நூல்கள் கூறுகின்றன. மெனாய் பாலம் 1826 இலேயே திறக்கப்பட்டுவிட்டது. பரங்கிப்பேட்டை ஆலை எழுந்தது அதற்கு நான்காண்டுகள் கழித்து. ஆகவே அப்பாலத்தின் முதற்கட்டுமானம் பற்றிய கூற்றை ஏற்க இயலாது. 1850 இல் திறக்கப்பட்ட பிரித்தானியா பாலத்தைப் பொறுத்தவரை காலக்கணக்கு தடையாக இல்லை.

ஷெஃபீல்டும் மாங்கனீசும்

1830களின் பிற்பகுதியில் ஹீத் இங்கிலாந்து திரும்பி எஃகு ஆய்வில் ஈடுபட்டார். ஷெஃபீல்டு அப்போது உலகின் கத்தி, அரம், உளி ஆகியவற்றின் தலைமையிடம். ஆயினும் அங்கு நல்ல எஃகுக்குச் சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்தனர். அது விலை மிகுந்தது. பிரித்தானிய இரும்பில் செய்த எஃகு, காய்ச்சி அடிக்கும்போது விரிசல் விட்டது. தேனிரும்போடு ஒட்ட மறுத்தது.

மூசையில் உருகும் எஃகோடு மாங்கனீசின் கார்பன் சேர்மத்தை எடையில் 1 முதல் 3 விழுக்காடு வரை இட்டால் இக்குறைகள் நீங்கும் என ஹீத் கண்டறிந்தார். இதன் காரணத்தை இன்றைய வேதியியல் விளக்குகிறது. மாங்கனீசு உருகிய எஃகிலுள்ள ஆக்சிசனைப் பற்றிக் கசடாக வெளியேற்றுகிறது. மேலும், கந்தகம் இரும்போடு சேர்ந்தால் எளிதில் உருகும் மெல்லிய படலமாக மணிகளுக்கிடையே தங்கி, சூட்டில் விரிசலை உண்டாக்கும்; மாங்கனீசு இருந்தால் கந்தகம் அதனோடு சேர்ந்து அவ்வளவாகத் தீங்கற்ற துணுக்குகளாகிவிடும். இன்றும் உலகில் செய்யப்படும் எஃகில் பெரும்பகுதி மாங்கனீசு சேர்க்கப்பட்டதே.

இக்கண்டுபிடிப்பு சேலத்து மூசையிலிருந்து நேரே வந்தது எனச் சிலர் கருதலாம். உள்ளூர் முறையில் இடப்பட்டது ஆவாரையும் இலையுமே, மாங்கனீசு அன்று. எனினும் மூசைக்குள் இடும் சிறு பொருள் ஒன்று முழு உலோகத்தின் இயல்பையும் மாற்றவல்லது என்பதை ஹீத் நேரில் கண்டது சேலத்தில்தான். ஏட்டறிவு இல்லாத அத்தொழிலாளரின் பெயர்கள் வரலாற்றில் பதிவாகவில்லை.

காப்புரிமை வழக்கு

1839 ஏப்ரலில் ஹீத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. மாங்கனீசுக் கார்பன் சேர்மத்தைத் தனியே ஆயத்தம் செய்து, ஆலைக்காரர்களுக்கு உரிமக் கட்டணத்தோடு வழங்கினார். ஷெஃபீல்டில் எஃகு விலை 30 முதல் 40 விழுக்காடு வரை வீழ்ந்ததாகக் கணக்கிடப்பட்டது.

சேர்மத்தைத் தனியே செய்வது செலவு மிகுந்தது. மாங்கனீசு ஆக்சைடையும் நிலக்கரித்தாரையும் கலந்து நேரே மூசையில் இட்டாலே போதும், சேர்மம் அங்கேயே உருவாகிவிடும் என்பதை ஹீத் விரைவில் அறிந்தார். இம்மலிவு வழியைத் தமது ஷெஃபீல்டு முகவரான அன்வின் என்பவருக்குத் தெரிவித்தார். இதற்குப் புதிய காப்புரிமை பெறவில்லை. பழைய காப்புரிமை இதனையும் உள்ளடக்கும் என நம்பினார். அன்வின் பின்னர் முகவர் பணியை விட்டுத் தாமே இம்முறையில் எஃகு செய்யத் தொடங்கினார். காப்புரிமை ஆவணத்தில் சொல்லப்பட்டது மாங்கனீசுக் கார்பன் சேர்மமே. தாம் இடுவது ஆக்சைடும் தாரும் என்பது அவரது வாதம்.

ஹீத் வழக்குத் தொடர்ந்தார். 1844 இல் எக்செக்கர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. வழக்கு வேறு நீதிமன்றங்களுக்குச் சென்றது. ஷெஃபீல்டின் பிற ஆலைகளும் இதற்குள் கட்டணமின்றி அம்முறையைக் கைக்கொண்டன. 1851 இல் ஹீத் வறுமையோடு காலமானார். அதன் பின்னும் வழக்கு தொடர்ந்தது. 1852 இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு அவர் பக்கம் திரும்பியது. 1855 இல் பிரபுக்கள் அவை அதனை மாற்றி இறுதியாக அன்வினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதிபதிகளிடையே கருத்து வேறுபாடு இருந்தது. மூசைக்குள் உருவாகும் பொருளும் வெளியே செய்து இடும் பொருளும் ஒன்றே என்று ஒரு வேதியியலாளர் எளிதில் கூறிவிடுவார். ஆவணத்தில் எழுதிய சொற்களை மட்டும் நோக்கும் சட்டத்துக்கு அவை வெவ்வேறாயின.

மாங்கனீசு வேறொருவருக்கும் இவ்வாறே நடந்துகொண்டது. 1856 இல் பெசமர் முறை வெளியானபோது அதன் எஃகைப் பயன்படத்தக்கதாக்கியது ராபர்ட் மூசெட் சேர்த்த மாங்கனீசுக் கலவையாகும். அவரது காப்புரிமை 1859 இல் முத்திரைக் கட்டணம் செலுத்தப்படாமையால் காலாவதியாயிற்று.

ஆலைகளின் பிற்காலம்

ஹீத் இறந்தபின் 1853 இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய நிறுவனம் ஆலைகளை ஏற்றது. இந்நிறுவனம் ஹீத்தின் பட்டறிவைக் கருத்திற்கொண்டு தாதுக்கும் காட்டுக்கும் அருகே செல்ல முயன்றது. காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் திருவண்ணாமலைப் பகுதியிலும் உலைகள் எழுந்தன. மரக்கரிச் சிக்கல் அங்கும் தீரவில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை, பேப்பூர் ஆலைகளும் மூடப்பட்டன.

சிற்றூர் உலைகள் இவ்வாலைகளைவிடச் சில பத்தாண்டுகள் கூடுதலாக நீடித்தன. மலிவான ஆங்கில இரும்பின் வரவும், 1882 ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டத்துக்குப் பின் கரி சுடுவதற்கு ஏற்பட்ட தடைகளும் அவற்றை ஒடுக்கின. 1981 இல் கஞ்சமலைக்கு அருகே சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு உருவானது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அம்மலையின் தாது அதற்குப் பயன்படவில்லை.