பறவைகளைத் தேடிய சலீம் அலி

பனிக்காலத்தில், சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஆலும் அரசும் பழுத்தால், மைனாவைப் போல ஒரு பறவை கூட்டமாக வந்து பழம் தின்னும். உடம்பு ரோஜா நிறம்; தலையும் சிறகும் கருப்பு. அதுதான் சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் சொல்வார்கள். அதற்குத் தாய்வீடு மத்திய ஆசியா! அங்கே வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு பொரித்துவிட்டு, இங்கே வருகிறது.

எந்தப் பறவை எங்கிருந்து வருகிறது, எப்படி வாழ்கிறது என்று ஆயுள் முழுவதும் தேடியவர் சலீம் அலி.

இவர் 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். கடைக்குட்டிப் பிள்ளை. சிறு வயதிலேயே தாய், தந்தையை இழந்தார். மாமா அமிருதீன்தான் வளர்த்தார்.

ஒரு நாள் சிறுவன் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லார்டு என்ற வெள்ளைக்காரர், பாடம் செய்த பறவைகளை அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். அன்றே பையன் மனம் பறவைகளிடம் போய்விட்டது.

வேலை போயிற்று

மனம் போனால் போதுமா? வயிறு இருக்கிறதே! சலீம் அலியிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பர்மாவில் சுரங்கத் தொழில் பார்த்தார், நிலைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. ஜெர்மனிக்குப் போய்ப் பறவை நூல் படித்துத் திரும்பினால், அந்த வேலையே இல்லை. பணம் இல்லை என்று எடுத்துவிட்டார்கள்!

மனைவி தெஹ்மினாவுடன் கீகிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையில்லாத மனிதர் தினமும் அதையே பார்த்தார். ஆண் குருவி பாதிக்கூடு கட்டுகிறது. பெண் குருவி வந்து சோதிக்கிறது. பிடித்தால்தான் குடித்தனம்! பிறகு ஆண் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூடு கட்டி இன்னொரு பெண்ணைத் தேடுகிறது. 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். பெயர் பரவியது.

பிறகு சமஸ்தானங்களுக்கு எழுதினார். சம்பளம் வேண்டாம், செலவு கொடுத்தால் போதும் என்றார். ஐதராபாத், திருவாங்கூர், கொச்சி என்று காடு காடாக அலைந்தார். தெஹ்மினாவும் கூடாரத்தில் தங்கினார். 1939-ல் அந்த அம்மாள் இறந்தது பெரிய அடி. ஆனாலும் 1941-ல் படங்களோடு இந்தியப் பறவைகள் நூல் வந்தது. சாதாரண ஜனங்களும் பறவையைப் பெயர் சொல்லி அழைக்க அது வழி செய்தது.

1959-க்குப் பின் பறவைகளின் காலில் வளையம் மாட்டும் வேலையை நடத்தினார். வளையத்தில் பம்பாய் கழகத்தின் பெயர் இருக்கும். இங்கே வளையமிட்ட வாத்துகள் ரஷ்ய நாட்டில் கிடைத்தன. பறவையின் பாதை தெரிந்தது.

1987-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, தமது 90-வது வயதில் சலீம் அலி காலமானார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.