வேதசாட்சி தேவசகாயம் கற்ற யோபுவின் பாடம்



இக்காலத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் மனதுக்கு நிம்மதியில்லை என்கிற முறைப்பாட்டையே கேட்கிறோம். ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிறவர் இராத்திரி ஷிப்டு முடிந்து வந்து படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற குடும்பத்துக்கு நூல் விலை ஏறினால் ஒரு கவலை, நெய்த துணி தேங்கினால் இன்னொரு கவலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கறவை மாட்டை நம்பிப் பிழைக்கிற வீட்டில் மாடு சீக்காய்ப் படுத்துவிட்டால் அன்று அடுப்பு மூட்டவே மனம் வராது. பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பயம், பெற்றோருக்குக் கடன் பயம். இதற்கு மன அழுத்தம் என்று டாக்டர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். பேர் புதிதானாலும் வியாதி பழையது. ஏறக்குறைய 280 வருஷங்களுக்கு முன் நம் தென்னாட்டில் ஒரு குடும்பத் தலைவர் இதே பாரத்தால் நசுங்கிக் கிடந்தார். அவர் எப்படி எழுந்தார் என்பதை இந்த வாரம் சிந்திப்போம்.

நம் ஊர்களுக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரைத் தினமும் பார்க்கிறோம். அந்த மலைத்தொடர் தெற்கே போய் முடிகிற பாகத்தில் ஆரல்வாய்மொழி இருக்கிறது. அங்கேதான், காற்றாடிமலையில், 1752-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ம் தேதி வேதசாட்சி தேவசகாயம் பிள்ளை தம் இரத்தத்தைச் சிந்தினார். 2022-ம் வருஷம் மே மாதம் 15-ம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சிஷ்டர் என்று திருச்சபைக்கு அறிவித்தார். குருவானவராகவோ துறவியாகவோ இல்லாமல், இல்லறத்தில் இருந்த இந்தியர் ஒருவர் பீடத்துக்கு உயர்த்தப்பட்டது அதுவே முதல் தடவை. ஆகையால் குடும்பஸ்தர்களாகிய உங்களுக்கு அவர் மிகவும் நெருங்கினவர்.

அவர் 1712-ம் வருஷம் ஏப்ரல் 23-ம் தேதி, இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நட்டாலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். பேர்பெற்ற நாயர் குடும்பம், நிலபுலன் உள்ள வீடு. வளர்ந்தபின் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம் பெற்றார். பார்கவியம்மாள் என்ற குணசாலியை மணந்து, மதிப்போடும் வசதியோடும் வாழ்ந்து வந்தார்.

இப்படியிருக்க, அவர் குடும்பத்தில் அடுக்கடுக்காய் நஷ்டம் வந்தது. தொழுவத்திலிருந்த மாடுகள் மடிந்தன. வயலில் பயிர் பொய்த்தது. சேர்த்து வைத்த பொருளும் கரைந்தது. பொருள் போனது ஒரு துன்பம் என்றால், ஏன் போயிற்று என்று இராப்பகலாய் மனதைக் குடைகிற கேள்வி அதைவிடப் பெரிய துன்பம். நான் செய்த குற்றம் என்ன, யாருடைய சாபம் இது, தெய்வம் என்னைக் கைவிட்டதா என்று கேட்கத் தொடங்குகிற மனிதனுக்கு ஓய்வு கிடையாது. இழந்தவர் எல்லோருக்கும் இது தெரியும். நீலகண்டனுடைய முகத்திலும் அந்த வாட்டம் தெரிந்தது. அதைக் கண்டுகொண்டார் ஒருவர்.

அவர் பெயர் எவுஸ்தாக்கியுஸ் தெலனாய். ஐரோப்பியர், கத்தோலிக்கர். டச்சுக் கம்பெனியின் படையில் அதிகாரியாக இருந்து, 1741-ல் நடந்த குளச்சல் சண்டையில் தோற்று, மார்த்தாண்ட வர்மாவின் கையில் சிறைப்பட்டவர். பிற்பாடு அதே மகாராஜாவுக்கு ஊழியம் செய்து, திருவிதாங்கூர்ச் சேனைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியாய் விளங்கி, 1777-ல் இறந்தார். உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறையை இன்றும் காணலாம். தோல்வி, சிறைவாசம், அந்நிய தேசம், அந்நிய பாஷை ஆகிய இத்தனையும் அனுபவித்தவராதலால், மனம் உடைந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அரண்மனை வேலையில் பழக்கமான நீலகண்டனை அவர் விசாரித்தார். நீலகண்டனும் தம் நஷ்டங்களை ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

தெலனாய் அவருக்குப் பொருளுதவி செய்ததாக நாம் கேள்விப்படவில்லை. அவர் கொடுத்தது வேதாகமத்திலுள்ள ஒரு சரித்திரம். அதுதான் யோபுவின் சரித்திரம்.

யோபுவுக்கு 7000 ஆடுகளும், 3000 ஒட்டகங்களும், 500 ஏர் மாடுகளும், 500 கழுதைகளும் இருந்தன. ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் இருந்தார்கள். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. பின்பு உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று சிநேகிதர் ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஏழு நாள் அவரோடு வாய் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்தான். வாயைத் திறந்ததும், நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை என்கிற விதமாகப் பேசி, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார்கள். யோபு அதை ஒப்புக்கொள்ளவில்லை. அழுதார், முறையிட்டார், பிறந்த நாளையே சபித்தார். ஆனால் சர்வேசுரனை விட்டு விலகவில்லை.

கடைசியில் சர்வேசுரன் பேசினார். ஆனால் ஏன் இந்தத் துன்பம் என்ற கேள்விக்கு அவர் காரணம் சொல்லவில்லை. பூமிக்கு அஸ்திவாரம் போட்டதையும், கடலுக்கு எல்லை வைத்ததையும், காக்கைக் குஞ்சுக்கு இரை கொடுப்பதையும், காட்டு ஆடு குட்டி போடுவதையும் அவருக்குக் காட்டினார். யோபு தம் சாம்பல் மேட்டிலிருந்து கண்ணை எடுத்து, சிருஷ்டி முழுவதையும் நடத்துகிறவரைப் பார்த்தார். அப்போது அவர் வாய் மூடியது, மனம் ஆறியது. அவருடைய ஆஸ்தி இரட்டிப்பாய்த் திரும்பினது அதற்குப் பிறகுதான். அவர் மனம் ஆறினபோது புண்ணும் வறுமையும் அப்படியேதான் இருந்தன என்பதைக் கவனியுங்கள். குற்றம் சாட்டின சிநேகிதரையோ சர்வேசுரன் கண்டித்தார்.

இந்தச் சரித்திரம் நீலகண்டன் மனதில் மழைபோல் இறங்கிற்று. துன்பப்படுகிறவன் எல்லாம் தண்டிக்கப்படுகிறவன் அல்ல என்றும், நீதிமானுக்கும் நஷ்டம் வரும் என்றும், நஷ்டத்தின் நடுவிலும் தம் மக்களைக் கைவிடாத பிதா ஒருவர் உண்டு என்றும் அவர் அறிந்தார். செத்த மாடுகள் எழுந்து வரவில்லை. விளையாத வயல் விளைந்துவிடவில்லை. ஆனால் அவற்றைப் பார்த்த கண் வேறானது. மேலும் மேலும் கேட்டு, வேத சத்தியங்களைக் கற்று, கிறிஸ்தவராக விரும்பினார். தெலனாய் அவரை நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே சேசு சபைக் குருவாகிய புத்தாரி சுவாமியார் 1745-ம் வருஷம் மே மாதம் 14-ம் தேதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று அழைத்தார்கள். கடவுளே துணை என்பது அதன் பொருள். பார்கவியம்மாளும் பின்பு ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

கிறிஸ்தவரானபின் அவருடைய கஷ்டமெல்லாம் தீர்ந்து சுகமாய் வாழ்ந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்ததோ வேறு. அவர் சாதி வித்தியாசம் பாராமல் ஏழை எளியவர்களோடு சமமாய்ப் பழகினார். இதைச் சகிக்காதவர்கள் அரண்மனையில் இருந்தார்கள். இராஜத் துரோகம் முதலான பொய்க் குற்றங்கள் அவர்மேல் சாட்டப்பட்டன. 1749-ல் உத்தியோகம் பறிபோயிற்று, விலங்கு ஏறிற்று. ஏறக்குறைய மூன்று வருஷம் அடியும் வாதையும் பட்டார். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி தடவி வெயிலில் நிறுத்தினார்கள். மாடு செத்ததற்காக மனம் முறிந்திருந்த அதே மனிதர் இத்தனையையும் தாங்கினார்.

தாங்கினதோடு நிற்கவில்லை. பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்த காலத்தில், ஜனங்கள் கூட்டமாய் வந்து தங்கள் துக்கங்களை அவரிடம் சொல்லி ஆறுதலடைந்து போனார்கள் என்று அப்பகுதிக் கிறிஸ்தவர்கள் வழிவழியாய்ச் சொல்லி வருகிறார்கள். ஒரு காலத்தில் ஆறுதல் தேடி அலைந்தவர், இப்போது விலங்கோடு நின்று பிறருக்கு ஆறுதல் கொடுத்தார். முடிவில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. அவருடைய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் பக்தியோடு எடுத்துக் கோட்டாறு அர்ச். சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

பிரிய மக்களே, இந்தச் சரித்திரத்திலிருந்து நாம் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று.

முதலாவது, கஷ்டம் வரும்போது நாம் கேட்கிற கேள்வியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். யார் கண் பட்டது, யார் செய்வினை, எந்தப் பாவத்துக்குத் தண்டனை என்று தேடித் திரிகிறவனுக்கு ஒரு கவலை பத்துக் கவலையாகிறது. கடன் கடனாகவே இருக்க, அதன்மேல் பயமும் பழியும் ஏறிக்கொள்கின்றன. இந்த நிலையில் நான் இன்று செய்யக்கூடியது என்ன, என்னை விட்டுப் போகாதவர் யார் என்று கேட்கிறவன் அந்த இரண்டாவது சுமையை இறக்கி வைக்கிறான். முதல் சுமை அப்படியே இருக்கலாம். ஆனால் ஒரு சுமையோடு நடக்கிறவன் வீடு போய்ச் சேருவான்.

இரண்டாவது, பிறர் வீட்டுத் துக்கத்தில் நாம் எலிப்பாஸாக இருக்கிறோமா, தெலனாயாக இருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டான் என்றால், அன்றைக்கே சொன்னேனே என்று தொடங்குகிறவர்கள் நம்மில் அநேகர். ஒருவர் தொழிலில் நொடித்தால், பூசைக்கு ஒழுங்காய் வந்திருந்தால் இப்படி ஆகுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பேச்சைத்தான் சர்வேசுரன் கண்டித்தார். தெலனாய் முதலில் முகத்தைப் பார்த்தார், பிறகு விசாரித்தார், முழுவதும் கேட்டார், அதன்பின்பே பேசினார். அந்த வரிசையைக் கற்றுக்கொண்டால் போதும்.

மூன்றாவது ஒரு எச்சரிக்கை. பார்வையை மாற்று என்றால் வாயை மூடு என்று அர்த்தமல்ல. யோபு வாய்விட்டு அழுதார். அது பாவமென்று எண்ணப்படவில்லை. குடிகாரப் புருஷன் கையில் அடிபடுகிற பெண்ணிடம், கூலி கிடைக்காத தொழிலாளியிடம், எல்லாம் தேவ சித்தம், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போவது ஆறுதல் ஆகாது. அநியாயத்தைத் தடுக்க வழியிருந்தால் தடுக்க வேண்டும். அதுபோலவே, பல வாரமாய் உறக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் என்ற நினைவு வருகிறது என்றால் அது விசுவாசக் குறைவு அல்ல. காய்ச்சலுக்கு மருந்து கேட்க வெட்கப்படாத நாம், மனநோய்க்கு டாக்டரிடம் போக ஏன் வெட்கப்பட வேண்டும்? செபமும் செய்யுங்கள், வைத்தியமும் பாருங்கள். இரண்டும் சர்வேசுரன் கொடுத்தவையே. இப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால் தனியே விடாமல், கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் இராத்திரி செபமாலைக்குப் பின் யோபு ஆகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களையும் கடைசியான 42-ம் அதிகாரத்தையும் உரக்க வாசியுங்கள். பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்தபின் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தம் மனதை அழுத்துகிற ஒரு காரியத்தைச் சொல்லட்டும். மற்றவர்கள் புத்தி சொல்லாமல் கேட்கட்டும். பிறகு தெருவில் துக்கத்தோடு இருக்கிற ஒரு வீட்டுக்குப் போய், சாதி மதம் பாராமல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

பொங்கலை ஒட்டி வருகிற ஜனவரி 14-ம் தேதி நம் அர்ச்சிஷ்டரின் திருநாள். அதுவரை காத்திராமல், மேற்கே அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம், அதே மலைத்தொடரின் மறுகோடியில் சாகும்வரை கடவுளையே துணையாகப் பிடித்திருந்த அந்தக் குடும்பத் தலைவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேதசாட்சியான அர்ச்சிஷ்ட தேவசகாயமே, பாரஞ்சுமந்து சோர்ந்திருக்கிற எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு