இடக்கைக் கலைஞன் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்

மேலைநாட்டு மின்கிடார் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் ஆசிரியப் பெருமக்கள் நம் கல்லூரியில் உண்டு. அவர்களும் இக்கட்டுரையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறேன். இது இசையைப் பற்றியது மட்டுமன்று. இரண்டே இரண்டு டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு சிறு பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் இசைக்கருவியின் குரலையே மாற்றிக் காட்டிய ஏழைப் பிள்ளையின் வரலாறு இது. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிப்பவன் என்ற முறையில் அந்தப் பெட்டியின் மீதும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் என்ற முறையில் அந்தப் பிள்ளையின் மீதும் எனக்கு ஒருசேரப் பற்று உண்டாயிற்று.

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியிலுள்ள சியாட்டில் நகரில், 1942 நவம்பர் 27 அன்று, ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தான் ஜிமி. முதலில் இட்ட பெயர் ஜானி ஆலன். தந்தை ஆல் ஹெண்ட்ரிக்ஸ் அப்போது இராணுவத்தில் இருந்தார். போர் முடிந்து வீடு திரும்பியவர், 1946இல் மகனின் பெயரை ஜேம்ஸ் மார்ஷல் என்று மாற்றினார். பெயர் மாறியதே தவிர நிலைமை மாறவில்லை. வீட்டில் வறுமை, வறுமையோடு குடியும் சண்டையும். 1951இல் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். 1958இல் தாய் லூசில் மறைந்தபோது மகனுக்கு வயது பதினைந்து.

தொடக்கப் பள்ளியில் படிக்கும்போதே அச்சிறுவன் எங்கு போனாலும் ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போவான். அதுதான் அவன் கிடார்! ஓராண்டுக்கு மேலாக இதைக் கவனித்த பள்ளியின் சமூகநலப் பணியாளர் ஒருவர், இவனுக்குக் கிடார் கிடைக்காவிட்டால் மனம் பாதிக்கப்படும் என்று எழுதி, ஏழைக் குழந்தைகளுக்கான நிதியிலிருந்து உதவி கேட்டுப் பார்த்தார். பணம் கிடைக்கவில்லை. தந்தையும் வாங்கித் தர மறுத்துவிட்டார்.

ஹெண்ட்ரிக்ஸின் வாழ்க்கையில் புகழ்மிக்க மேடைகள் எத்தனையோ உண்டு. ஆயினும் என் மனம் அந்தக் கடிதத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இணைத்து உதவித்தொகைக்கு மனுப் போட்டுவிட்டு, அறிவிப்புப் பலகையை நாள்தோறும் எட்டிப் பார்க்கும் நம் வகுப்புத் தோழர்களுக்கு அதன் கனம் தெரியும். நல்ல மனம் கொண்ட ஒருவர் எழுதிய மனு, நியாயமான மனு, பலிக்காத மனு.

1957இல் தந்தையுடன் ஒரு மூதாட்டியின் வீட்டைத் துப்புரவு செய்யப் போனபோது, குப்பையில் ஒற்றைத் தந்தியுள்ள உகுலேலே ஒன்று அவனுக்குக் கிடைத்தது. உகுலேலே என்பது கிடாரின் குட்டித் தம்பி போன்ற நான்கு தந்திக் கருவி. அதில் எஞ்சியிருந்த ஒரே தந்தியில் கேட்ட பாட்டையெல்லாம் மீட்டிப் பழகினான். மறு ஆண்டு ஐந்து டாலருக்கு ஒரு பழைய மரக்கிடார் கிடைத்தது. 1959இல் தந்தை மனமிரங்கி ஒரு வெள்ளை நிற மின்கிடாரை வாங்கித் தந்தார். அதையும் ஓர் இசை நிகழ்ச்சியின் மேடைப்புறத்தில் வைத்துவிட்டு வந்த இரவில் எவனோ திருடிப் போனான்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். ஜிமி இடக்கைப் பழக்கமுள்ளவன். கடைகளில் தொங்கியவையோ பெரும்பாலும் வலக்கையாளர்க்கான கிடார்கள். அவன் அதற்காகக் காத்திருக்கவில்லை. கிடைத்த கிடாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தந்திகளை வரிசை மாற்றிக் கட்டி வாசித்தான். உலகப் புகழ் பெற்ற பிறகும் அப்படியே வாசித்தார்.

பள்ளிப் படிப்பு முடியவில்லை. 1961இல் திருட்டுக் காரில் போனதாகப் பிடிபட்டபோது, சிறையா இராணுவமா என்ற நிலை ஏற்பட, வான்குடைப் படையில் சேர்ந்தார். கென்டக்கி எல்லையிலிருந்த முகாமுக்கு வீட்டிலிருந்து கிடாரை வரவழைத்துக்கொண்டார். பில்லி காக்ஸ் என்ற பேஸ் கிடார்க் கலைஞர் அங்கேதான் நண்பரானார். 1962இல் படையிலிருந்து வெளியே வந்த பின் நான்கு ஆண்டுகள் பிறர் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்த காலம். இஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்டு ஆகியோரின் குழுக்களில் கூலிக்கு வாசித்தார். ஊர் ஊராகப் பேருந்துப் பயணம்; கையில் காசு நின்றதில்லை.

1966இல் நியூயார்க்கின் ஒரு சிறு விடுதியில் அவர் வாசித்ததைக் கேட்டார் சாஸ் சாண்ட்லர். இவர் தி அனிமல்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் பேஸ் கிடார்க் கலைஞர். இவரை லண்டனுக்கு அழைத்துப் போவது என முடிவு செய்தார். 1966 செப்டம்பர் 24 அன்று ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் இறங்கினார். நோயல் ரெடிங், மிட்ச் மிட்செல் ஆகிய இருவரும் சேர மூவர் குழு உருவாயிற்று.

அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் லண்டனில் அந்தப் பெட்டியும் விற்பனைக்கு வந்தது. பெயர் ஃபஸ் ஃபேஸ். இசைக்கருவி வணிகர் ஐவர் ஆர்பிட்டரின் நிறுவனம் செய்தது. ஒலிவாங்கி நிற்கும் தாங்கியின் வட்டமான அடிப்பாகத்தைப் பார்த்து அதன் வடிவத்தை அமைத்தார்கள். இரண்டு திருகுகள் கண்களைப் போலவும் நடுவில் அமைந்த பெயர் வாயைப் போலவும் தோன்ற, சிரிக்கும் முகம் ஒன்று தரையில் கிடப்பது போலிருக்கும்.

ஃபஸ் என்னும் ஒலியே பழுதிலிருந்து பிறந்ததாகும். நாஷ்வில் நகரில் ஒரு பாடல் பதிவானபோது, பதிவு மேசையின் ஒரு பகுதி கெட்டு, பேஸ் கிடாரின் நாதம் கரகரத்துப் போயிற்று. கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போக, அதே கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் பெட்டியை 1962இல் மேஸ்ட்ரோ என்ற பெயரில் விற்றார்கள். இதன் அறிவியல் நம் பாடத்திலேயே உள்ளது. டிரான்சிஸ்டரின் அளவுக்கு மீறிப் பெருக்கினால் சைன் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்பட்டுச் சதுர அலைக்கு நெருங்கிவிடுகின்றன. அப்போது மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் கூட்டமாக எழுகின்றன. ஆய்வுக்கூடத்தில் நாம் குறை என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் ஒன்றைத்தான் அவர் இசையாக்கினார்.

ஃபஸ் ஃபேஸ் பெட்டியின் உள்ளே இருந்தவை இவ்வளவே: இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு திருகுகள், 9 வோல்ட் பேட்டரி ஒன்று. தொடக்ககால டிரான்சிஸ்டர்கள் ஜெர்மானியத்தால் ஆனவை. ஜெர்மானியத்தில் கசிவு மின்னோட்டம் மிகுதி. வெப்பம் ஏறினால் அதுவும் ஏறும். ஒன்றின் பெருக்கம் போல் மற்றொன்றின் பெருக்கம் இராது. ஆகவே ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாக ஒலித்தன. ஹெண்ட்ரிக்ஸ் பலவற்றை வாங்கி, வாசித்துப் பார்த்து, நல்லதை மட்டும் வைத்துக்கொண்டார். பிரிட்டிஷ் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒலியியல் பணியாற்றிய ராஜர் மேயர் என்ற இளைஞர், டிரான்சிஸ்டர்களைச் சோதித்துப் பொறுக்கி, சுற்றுகளைத் திருத்திக் கொடுத்தார். 1969 வாக்கில் ஹெண்ட்ரிக்ஸ் சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் கொண்ட பெட்டிக்கே மாறிவிட்டார்.

நம் கல்லூரி இசைக்குழு நண்பர்கள், விலை குறைந்த ஃபஸ் பெடல் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்நாளைய ஜெர்மானியப் பெட்டியை இன்று சேகரிப்பாளர்கள் பெருந்தொகைக்கு வாங்குகிறார்கள் என்பதற்காக நாமும் ஏங்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் நம் ஊர் மேடையில் ஜெர்மானியம் ஒரு சுருதியில் நிற்காது. சிலிக்கானே போதும். கடைக்குப் போகும்போது சொந்தக் கிடாரையே எடுத்துச் செல்லுங்கள். பெடலின் திருகை முழுதும் ஏற்றிவிட்டு, கிடாரிலுள்ள ஒலியளவைக் குறைத்துப் பாருங்கள். கரகரப்பு மெல்ல விலகித் தந்தியின் நாதம் தெளிந்தால் அது நல்ல பெடல். ஹெண்ட்ரிக்ஸ் காலை எடுக்காமலே முழக்கத்திலிருந்து மென்மைக்கு இறங்கியது இந்த வழியில்தான். கிடாருக்கும் ஃபஸ் பெடலுக்கும் நடுவே வேறு பெட்டியை நுழைக்காமல் நேராக இணையுங்கள். சாலிடர் வைக்கத் தெரிந்தவர்கள் வாங்கவே வேண்டாம். அவர் பயன்படுத்திய சிலிக்கான் பெட்டியில் இருந்தது பிசி 108. நாம் சிறப்பியல்பு வரைகோடு போடும் அதே குடும்பம். ஒரு சிறு தொல்லை உண்டு: பெருக்கம் மிகுந்த சிலிக்கான் சுற்று, காற்றில் வரும் வானொலி அலைகளையும் பிடித்துக்கொள்ளும்.

1967 ஜூன் 18 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விழாவில் அவர் கிடாரை மேடையிலேயே கொளுத்தினார். அந்தப் படம் உலகெங்கும் பரவியது. எனக்கு அது உவப்பாக இல்லை. துடைப்பத்தை ஏந்தி நின்ற பிள்ளையின் கையாலா என்று தோன்றுகிறது.

1969 ஆகஸ்ட் 18, வுட்ஸ்டாக் விழாவில் நிகழ்ந்ததை அப்படி ஒதுக்க முடியாது. அவர் மேடையேறியபோது திங்கட்கிழமை காலை. வந்திருந்த இலட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் புறப்பட்டுப் போய்விட்டனர். பேஸ் கிடாருடன் பக்கத்தில் நின்றவர் பழைய படைத்தோழர் பில்லி காக்ஸ். அங்கே ஒரு சொல்கூட இல்லாமல் அமெரிக்க நாட்டுப்பண்ணைக் கிடாரில் வாசித்தார். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பண்ணின் நடுவே குண்டு விழும் ஓசையும் ஓலமும் அந்த ஃபஸ் பெட்டியின் வழியே கிடாரிலிருந்து எழுந்தன. நாட்டுப்பண்ணை அவமதித்தார் என்று சினந்தவர்கள் உண்டு. வான்குடைப் படையில் குதித்துப் பயின்றவர் வாசித்தது அது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா, தெரியவில்லை.

வாடகைப் பதிவுக்கூடங்களில் பணத்தைக் கொட்டிச் சலித்தவர், நியூயார்க்கில் தமக்கென ஒரு பதிவுக்கூடம் கட்டினார். 1970 ஆகஸ்ட் 26 அன்று அது திறக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் இங்கிலாந்தின் வைட் தீவு விழாவில் வாசித்தபோது, காவல் பணியாளர்களின் வானொலிப் பேச்சு அவரது ஆம்ப்ளிஃபயர் வழியே குறுக்கிட்டது. செப்டம்பர் 18 அன்று லண்டனில், தூக்க மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்ட நிலையில், உயிர் பிரிந்தது. வயது 27. புதிய பதிவுக்கூடத்துக்கு அவர் திரும்பவே இல்லை.

சியாட்டிலுக்கு அருகே ரென்டன் என்ற ஊரில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் ஒரு கிடாரைச் செதுக்கியிருக்கிறார்கள். அது வலக்கையாளர் பிடிக்கும் வாகில் இருக்கிறது.