குருதியின் குணம் அறிந்த குர்துபா வைத்தியர்

அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவியைச் சத்திரசிகிச்சையின் தந்தை எனப் புகழ்வது வழக்கமாகிவிட்டது. அவர் படம் வரைந்து விளக்கிய ஏறத்தாழ 200 கருவிகளைப் பற்றி விழாக்களிலும் சிறப்பு மலர்களிலும் நிறையவே பேசுகிறோம். ஆனால் வெட்டத் துணிந்த அம்மனிதர், வெட்டுவதற்கு அஞ்ச வேண்டிய நோயாளரையும் கண்டு எழுதி வைத்தார் என்பதை நாம் நினைவுகூர்வது குறைவு. அவரது உண்மையான பெருமை அங்கேதான் தங்கியுள்ளது என்பது எமது எண்ணம்.

ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே, கலீபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா அரண்மனை நகரில் 936 ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். அந்நகரின் பெயரே அவருக்கும் பெயராயிற்று. வாழ்க்கைக் குறிப்புகள் மிகச் சொற்பம். 1013 ஆம் ஆண்டளவில் அவர் காலமாவதற்குச் சற்று முன்னரே உள்நாட்டுக் கலகத்தில் அவரது நகரமும் சூறையாடப்பட்டது. எஞ்சியது 30 பாகங்களைக் கொண்ட 'அத்தஸ்ரீப்' என்ற நூலே.

அந்நூலின் இறுதிப் பாகம் சத்திரசிகிச்சை பற்றியது. நாடி அறுந்து குருதி பீறிடும்போது முதலில் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்கிறார். அதன் பின் நான்கு வழிகள்: காய்ச்சிய சூட்டுக்கோலால் சுடுதல், பாதி அறுந்த நாடியை முழுமையாக அறுத்து அதன் முனைகள் உள்ளிழுத்துச் சுருங்க விடுதல், நூலால் இறுகக் கட்டுதல், மருந்திட்டு அழுத்திக் கட்டுப் போடுதல். கிரேக்க வைத்தியர்களும் நூலால் கட்டுவதை அறிந்திருந்தனர். அவர்களிடம் கற்றதை அவர் மறைக்கவுமில்லை. கழுத்து, அக்குள், கவடு ஆகிய இடங்களிலுள்ள நாடி வீக்கங்களில் கத்தி வைக்க வேண்டாம் எனவும் எச்சரித்தார்.

அதே நூலின் வேறொரு பாகத்தில் ஒரு கிராமத்தைப் பற்றிய குறிப்பு வருகின்றது. அங்குள்ள ஆண்களுக்குக் காயமேற்பட்டால் உயிர் பிரியும் வரை குருதி நிற்பதில்லை. ஈறுகளைக் கையால் தேய்த்த ஒரு சிறுவன் அதனாலேயே மாண்டான். குருதி வாங்கும் சிகிச்சை பெற்ற மற்றொருவரும் அவ்வாறே இறந்தார். இதனை வேறெங்கும் தாம் கண்டதில்லை, முன்னோர் நூல்களிலும் காணவில்லை, காரணமும் அறியேன் என்று அவர் எழுதுகிறார். விரைந்து சுடுவதே பரிகாரமாகலாம் என்றாலும் தாம் அதைச் செய்து பார்த்ததில்லை என்பதையும் ஒளிக்கவில்லை. புகழின் உச்சியிலிருந்த ஒரு வைத்தியர் இவ்வாறு எழுதுவது இலேசான காரியமா?

இன்று ஹீமோபீலியா எனப்படும் பரம்பரை நோயின் மிகப் பழைய மருத்துவ விவரிப்புகளில் ஒன்றாக அது கருதப்படுகின்றது. தாயின் வழியே கடத்தப்பட்டுப் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத் தாக்கும் இந்நோயில், குருதி உறைவதற்கு வேண்டிய புரதக் காரணிகளில் எட்டாவதோ ஒன்பதாவதோ குறைந்திருக்கும். பெரிய நாடியை நூலால் கட்டிவிடலாம். கட்ட முடியாத நுண்ணிய குழாய்களில் உறைவு நிலைக்காமல் சில மணி நேரத்தின் பின் மீண்டும் கசியத் தொடங்கும். ஆகவேதான் குறைந்த காரணியை ஊசி மூலம் முன்கூட்டியே ஏற்றி, காயம் ஆறும் வரை அதன் அளவைப் பேணிக்கொண்டு இன்று சத்திரசிகிச்சை செய்கின்றனர்.

எமது முஸ்லிம் இல்லங்களில் ஓர் ஆண் பிள்ளை முதன்முதலில் கத்தியைச் சந்திப்பது பெரும்பாலும் சுன்னத்தின்போதுதான். தாய்மாமன்மாரில் எவருக்கேனும் பல் பிடுங்கியபோதோ சிறு காயத்திலோ குருதி நிற்காதிருந்தால், அதை முன்னரே வைத்தியரிடம் கூறி, பிள்ளையின் குருதியைப் பரிசோதிக்கலாம். அந்தக் கிராமத்துத் தாய்மாருக்கு அத்தகைய பரிசோதனை எதுவும் இருக்கவில்லை.