பாட்டி சொன்ன கதை, பழைய பதிவேட்டில் ஒரு பெயர்... வேர்களைத் தேடிப்போன அலெக்ஸ் ஹேலி!

உங்க தாத்தாவோட அப்பா பேர் என்னன்னு கேட்டா சட்டுனு சொல்லிடுவீங்களா? சரி, அவரோட அப்பா பேர்? இந்த இடத்துல பாதிப் பேர் அம்மாவுக்கு போன் போட ஆரம்பிச்சிடுவோம். ஆனா ஒருத்தர், அடிமைகளா விற்கப்பட்டதால சொந்தப் பெயரையே இழந்த ஒரு குடும்பத்துல பிறந்து, ஏழு தலைமுறை வேரைத் தேடிக் கிளம்பினார். அவர்தான் 'ரூட்ஸ்' எழுதிய அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி. அவர் எதைக் கண்டுபிடிச்சார், எங்கே சறுக்கினார்ங்கிற ரெண்டுமே நமக்குத் தேவையான பாடம்தான்.

திண்ணையில் கேட்ட கதை

ஹேலி பிறந்தது 1921 ஆகஸ்ட் 11-ம் தேதி, நியூயார்க் மாகாணத்தின் இத்தாகா நகரில். அப்பா சைமன் அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்துல விவசாயம் படிச்சிட்டிருந்தார். குழந்தை ஹேலி வளர்ந்தது டென்னசி மாகாணத்தில் இருக்கும் ஹென்னிங் என்ற சின்ன ஊரில், அம்மாவழித் தாத்தா, பாட்டி வீட்டில்.

சாயங்காலம் ஆனா, பாட்டி சிந்தியா தன் சகோதரிகளோட வீட்டு முன்திண்ணையில் உட்கார்ந்து குடும்பக் கதை பேசுவாங்க. அந்தக் கதையில் ஓர் ஆப்பிரிக்கர் வருவார். விறகு வெட்டப் போன இடத்துல அவரைப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்திட்டாங்க. வர்ஜீனியாவுல டோபினு புதுப்பேர் வெச்சாங்க. அவர் அதை ஏத்துக்கலை, தன் பேர் 'கின்டே'ன்னு கடைசிவரைக்கும் சொல்லிட்டே இருந்தாராம். நரம்பு வாத்தியத்தைப் பார்த்தா 'கோ' என்பார், ஆற்றைப் பார்த்தா 'காம்பி பொலாங்கோ' என்பார். இந்தச் சில வார்த்தைகளைத்தான் தலைமுறை தலைமுறையா அந்தக் குடும்பம் நூறு வருஷத்துக்கும் மேல காப்பாத்தி வெச்சிருந்தது.

சமையல்காரர் எழுத்தாளர் ஆனார்

ஹேலி காலேஜ்ல நிலைக்கலை. 1939-ல் அமெரிக்கக் கடலோரக் காவல் படையில் சேர்ந்தார். கறுப்பினத்தவருக்கு அப்போ அங்கே கிடைச்சது பெரும்பாலும் சமையலறை, பரிமாறும் வேலைதான். நீண்ட கடல் பயணங்கள்ல சலிப்பைப் போக்க எழுத ஆரம்பிச்சார். கூட வேலை பார்த்தவங்களுக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்து நாலு காசும் பார்த்தார். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டாலும் விடலை. கடைசியில் அந்தப் படையின் தலைமைப் பத்திரிகையாளர் என்ற பதவிக்கே வந்தார்.

20 வருஷ சேவைக்குப் பிறகு 1959-ல் ஓய்வு. முழுநேர எழுத்தாளரா மாறி, 'பிளேபாய்' பத்திரிகைக்கு எடுத்த நீண்ட பேட்டிகளால் கவனம் பெற்றார். மால்கம் எக்ஸிடம் மணிக்கணக்கா பேசி, அவருடைய சுயசரிதையை உருவாக்கினார். 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் சுட்டுக் கொல்லப்பட, அதே ஆண்டில் அந்தப் புத்தகம் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது.

1870 என்னும் சுவர்

இந்தக் காலகட்டத்துலதான் வாஷிங்டனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குள் நுழைஞ்சார் ஹேலி. அவர் கேட்டது, வட கரோலினா மாகாணத்தின் அலமான்ஸ் கவுண்டியோட 1870-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. கவுண்டினா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி.

ஏன் 1870? அமெரிக்காவில் அடிமைமுறை 1865-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதுக்கு முன்னாடி, 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டாங்க. அதுல முதலாளி பேர் இருக்கும். அதுக்குக் கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம் இவ்வளவுதான். பெரும்பாலும் பேரே கிடையாது. விடுதலைக்குப் பிறகு எல்லாருடைய பெயரும் முறையா ஏறிய முதல் கணக்கெடுப்பு 1870-ல் நடந்தது. அதனாலதான் கறுப்பின அமெரிக்கர்கள் வம்சாவளி தேடும்போது, அந்த வருஷத்துல வந்து முட்டிக்கிட்டு நிக்குறாங்க.

இப்போ மாதிரி பேரை டைப் பண்ணித் தேடும் வசதியெல்லாம் அப்போ கிடையாது. மைக்ரோஃபிலிம் சுருளை இயந்திரத்தில் மாட்டி, பழைய கையெழுத்தை வரி வரியா படிச்சுக்கிட்டே போகணும். அலுத்துப்போய்க் கிளம்பலாமானு நினைச்ச நேரத்துல, டாம் முர்ரே என்ற கொல்லரின் பெயர் ஹேலியின் கண்ணில் பட்டது. கீழே மனைவி ஐரீன், அப்புறம் பிள்ளைகளின் பெயர்கள். டாம் வேற யாருமில்லை, பாட்டி சிந்தியாவோட அப்பா. திண்ணையில் கேட்ட பெயர்கள் அரசாங்கப் பதிவேட்டில் அப்படியே இருந்தன. பாட்டி சொன்னதை அவர் அதுவரை நம்பலைனு இல்லை. ஆனா அன்னைக்குத்தான் அது வெறும் கதை இல்லைனு கையில் ஆதாரம் கிடைச்சது.

கப்பலும் கவுண்டிப் பத்திரமும்

அடுத்து அந்த ஆப்பிரிக்க வார்த்தைகள். யான் வான்சினா என்ற ஆய்வாளர், அவை மாண்டிங்கா மொழியா இருக்கலாம், காம்பி பொலாங்கோ என்பது காம்பியா ஆறுனு வழிகாட்டினார். ஹேலி காம்பியா நாட்டுக்கே கிளம்பிப் போனார். 1967-ல் ஜூஃபூரே கிராமத்தில் ஒரு பெரியவர் கின்டே வம்சத்தின் கதையைச் சொன்னார். அதில் விறகு வெட்டப் போய்க் காணாமல்போன குண்டா என்ற இளைஞரும் வந்தார்.

பிறகு கப்பல் ஆவணங்களைப் புரட்டினார். 'லார்ட் லிகோனியர்' என்ற கப்பல் 1767 ஜூலை 5-ம் தேதி காம்பியாவிலிருந்து 140 பேரை ஏற்றிக்கிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 29-ம் தேதி மேரிலாந்தின் அனாபலிஸ் துறைமுகத்துக்கு வந்திருக்கு. உயிரோடு கரை சேர்ந்தது 98 பேர்தான். இதுக்கு அடுத்து வர்ஜீனியாவின் ஸ்பாட்சில்வேனியா கவுண்டிப் பத்திரங்கள். 1768 செப்டம்பர் 5-ம் தேதியிட்ட ஒரு பத்திரத்தில், ஜான் வாலர் தன் சகோதரர் வில்லியம் வாலருக்கு மாற்றிக்கொடுத்த நிலம், சொத்துகளோடு டோபி என்ற அடிமையின் பெயரும் இருந்தது. நிலம், பொருள், மனுஷன் எல்லாம் ஒரே பத்திரத்தில். அந்த டோபிதான் குண்டா கின்டேனு முடிவு பண்ணினார் ஹேலி.

இதையெல்லாம் சேர்த்து, உரையாடல்களையும் சம்பவங்களையும் தன் கற்பனையால் நிரப்பி எழுதிய 'ரூட்ஸ்', 1976 ஆகஸ்டில் வெளியானது. 1977 ஜனவரியில் தொடர்ந்து எட்டு இரவுகள் டி.வி தொடரா ஒளிபரப்பாச்சு. சுமார் 13 கோடிப் பேர் அதைப் பார்த்ததா கணக்கிடப்பட்டது. அதே ஆண்டு புலிட்சர் சிறப்பு விருதும் கிடைச்சது. குடும்ப வரலாறு தேடி ஆவணக் காப்பகங்களுக்குப் போற சாமானிய மக்களின் எண்ணிக்கை அதுக்குப் பிறகு எகிறிடுச்சு.

அதே பதிவேடுகள் சொன்ன இன்னொரு கதை

இங்கேதான் திருப்பம். ஹரோல்ட் கூர்லாண்டர் என்ற எழுத்தாளர், தன் 'தி ஆஃப்ரிக்கன்' நாவலில் இருந்து பகுதிகள் எடுக்கப்பட்டிருக்குனு வழக்கு போட்டார். 1978-ல் ஹேலி அதை ஒப்புக்கொண்டு, 6.5 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார். ஜூஃபூரே பெரியவர் முறையாப் பயிற்சி பெற்ற வம்சக் கதைசொல்லி இல்லைனு பிரிட்டன் பத்திரிகையாளர் ஒருவர் எழுதினார்.

பெரிய அடி 1981-ல் விழுந்தது. வரலாற்றாய்வாளர் கேரி மில்ஸும் வம்சாவளி ஆய்வாளர் எலிசபெத் ஷோன் மில்ஸும் அதே கவுண்டி ஆவணங்களை மறுபடி அலசினாங்க. வாலர் குடும்பத்தின் டோபி 1762-லேயே பதிவுகளில் இருக்கார். அதாவது, கப்பல் வருவதற்கு 5 வருஷம் முன்னாடியே! 1782-ம் ஆண்டு வரிப் பட்டியலுக்கு முன்பே அவர் இறந்தும் போயிருக்கார். கதைப்படி அவருடைய மகள் கிஸ்ஸி பிறந்ததோ அதுக்கும் 8 வருஷம் கழிச்சு. அப்படின்னா இந்த டோபி, குண்டா கின்டேயா இருக்க வாய்ப்பே இல்லைனு அவங்க சொன்னாங்க.

ஹேலியும் தன் புத்தகம் உண்மையும் புனைவும் கலந்ததுதான்னு சொல்லியிருந்தார். 1992 பிப்ரவரி 10-ம் தேதி சியாட்டிலில் மாரடைப்பால் இறந்த அவரை, ஹென்னிங்கில் அவர் வளர்ந்த அதே வீட்டு வளாகத்தில் அடக்கம் செய்தாங்க. இன்னைக்கு அந்த வீடு ஒரு மியூசியம்.

நீங்க தேடினா..?

அப்போ ஹேலியின் தேடல் வீணா? இல்லைங்க. தப்பு நடந்தது எங்கேன்னு கவனிங்க. தனக்குத் தேவையான பெயர், எதிர்பார்த்த வருஷத்துல கிடைச்சதும் மனசு அதைப் பிடிச்சுக்கிச்சு. ஆனா அதே பெயர் முந்தைய வருஷங்களில் இருக்கா, பிந்தைய வருஷங்களில் என்ன ஆச்சுனு பார்த்திருந்தா, சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். டோபிங்கிற பேர்ல எத்தனையோ பேர் இருந்திருக்கலாம் இல்லையா?

அதனால, உங்க குடும்பக் கதையைத் தேடுறதா இருந்தா வீட்டுப் பெரியவங்ககிட்ட ஆரம்பிங்க. போன்லயே ரெக்கார்ட் பண்ணிக்குங்க. ஊர், தொழில், பட்டப்பெயர்னு சின்னச் சின்ன விஷயத்தையும் குறிச்சுக்குங்க. சிந்தியா பாட்டி சொன்ன பெயர்களும் ஊரும் இல்லைனா, ஹேலி எந்தச் சுருளைக் கேட்டிருப்பார்? அப்புறம் பத்திரம், பதிவேடுகளைப் பாருங்க. பெயர் கிடைச்சதும் துள்ளிக் குதிக்காம, வயசும் வருஷமும் பொருந்துதானு முன்னும் பின்னும் சரிபாருங்க. பொருந்தலைனா அந்த இடத்தைக் காலியாவே விட்டுடுங்க. நாளைக்கு வேற ஒரு தாள் கிடைக்கும்போது உங்க பிள்ளைகள் அதை நிரப்பிக்கட்டும்.