மாதச் சம்பளம் ஒரு ரூபாயில் தொடங்கி ஐகோர்ட்டு நீதிபதி ஆனவர்

புத்தாண்டு பிறக்கப் போகிறது என்றால் புதிய டைரி வரும். கூடவே புதிய தீர்மானங்களும் வரும். சிகரெட்டை விட்டுவிட வேண்டும், இந்தியைப் பிழை இல்லாமல் எழுதக் கற்க வேண்டும், இலாகா தேர்வை இந்த முறையாவது எழுதி முடிக்க வேண்டும், ஊருக்கு அனுப்பும் பணத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும் என்று டெல்லித் தமிழர்கள் பலர் டைரியின் முதல் பக்கத்தில் எழுதுகிறார்கள். பொங்கல் முடிவதற்குள் அந்தப் பக்கம் மறந்து போகிறது.

எழுதிய தீர்மானத்தை எப்படி நிறைவேற்றுவது? அதற்கு ஒரு குமாஸ்தாவின் வாழ்க்கையே பதில் சொல்லும். சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசாமி அய்யர்தான் அந்தக் குமாஸ்தா.

பிழைப்பு தேடி திருவாரூருக்கு

தஞ்சை மாவட்டத்தில் உச்சுவாடி என்ற சிற்றூரில் 1832-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி முத்துசாமி பிறந்தார். தந்தை வெங்கட நாராயண சாஸ்திரி. மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். சொந்த ஊரில் வாழ வழி இல்லை. பிள்ளையை அழைத்துக்கொண்டு தாயார் பிழைப்பு தேடித் திருவாரூருக்கு வந்தார்.

விளையாடித் திரிய வேண்டிய வயதில் சிறுவன் முத்துசாமி கிராமக் கணக்குப்பிள்ளையிடம் உதவியாளாகச் சேர்ந்தான். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். வரி பாக்கி, நில அளவு, விளைச்சல் என்று ஓலையிலும் காகிதத்திலும் கணக்கு எழுதும் வேலை. சில ஆண்டுகளில் தாயாரும் இறந்து போனார். அந்தப் பையனுக்கு மிஞ்சியது எழுத்து வேலையும், படிக்க வேண்டும் என்ற ஆசையும்தான்.

கரை உடைந்தது

அப்போது திருவாரூரில் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர். இருவருக்கும் ஒரே பெயர். இவர்கள் சந்தித்தது பற்றி ஒரு செய்தி வழங்கி வருகிறது. ஒருநாள் ஆற்றுக்கரை உடைந்துவிட்டதாகத் தகவல் வந்தது. தாசில்தார் அவசரமாக ஆளைத் தேடினார். பெரிய குமாஸ்தாக்கள் யாரும் கையில் அகப்படவில்லை. சிறுவன் முத்துசாமிதான் இருந்தான். உடைப்பு எங்கே, சேதம் எவ்வளவு என்று அவன் விசாரித்து வந்து கூறிய விவரங்கள் துல்லியமாக இருந்தன. தாசில்தார் வியந்து போனார் என்பார்கள்.

எது எப்படியானாலும், அந்தத் தாசில்தார் பையனைத் தம் ஆதரவில் எடுத்துக்கொண்டார் என்பது வரலாறு. பையன் கேட்டது பணமோ உத்தியோகமோ அல்ல, ஆங்கிலப் படிப்பு. தாசில்தார் அவனை நாகப்பட்டினத்தில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே சுமார் ஒன்றரை ஆண்டு படித்தான். பிறகு சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

தெரு விளக்கு

சென்னையில் முத்துசாமி சேர்ந்தது மதராஸ் ஹைஸ்கூல். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி அது. தலைமை ஆசிரியர் ஈ.பி. பவல் என்ற ஆங்கிலேயர். அவர் கணிதத்தில் வல்லவர், கண்டிப்பானவர், கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வளர்ப்பவர்.

விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசு இல்லாமல் முத்துசாமி தெரு விளக்கின் கீழ் உட்கார்ந்து படித்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டுத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று.

1854-ம் ஆண்டில் சென்னை மாகாண அளவில் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. பரிசு 500 ரூபாய். முத்துசாமி அதை வென்றார். அப்போது அவருக்கு வயது 22. திருவாரூரில் வாங்கிய சம்பளக் கணக்குப்படி பார்த்தால், 500 ரூபாய் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊதியம்! கல்வி அதிகாரி அலெக்சாண்டர் அர்பத்நாட்டின் கவனமும் அவர் பக்கம் திரும்பியது.

மறுபடியும் கலெக்டர் ஆபீஸ்

இத்தனை பெருமை கிடைத்த பிறகு எடுத்த எடுப்பில் பெரிய பதவி வந்துவிடவில்லை. தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் பழைய கட்டுகளைப் பாதுகாக்கும் ரிக்கார்டு கீப்பர் வேலைதான் கிடைத்தது. டெல்லியில் அரசாங்க ஆபீசுகளில் பைல்களோடு வாழும் குமாஸ்தாக்களுக்கு அந்த அறையின் தூசி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியது இல்லை.

முத்துசாமி அங்கேயே தங்கிவிடவில்லை. பள்ளிக்கூடங்களின் துணை இன்ஸ்பெக்டர் ஆனார். அந்தச் சமயத்தில் வக்கீல் தொழில் செய்ய விரும்புகிறவர்களுக்கு அரசாங்கம் தேர்வு வைத்தது. வேலையையும் பார்த்துக்கொண்டு, சட்டப் புத்தகங்களையும் படித்து, 1856-ம் ஆண்டில் அந்தத் தேர்வை முத்துசாமி எழுதினார். முன்வரிசையில் தேறினார். தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் பதவி கிடைத்தது. 1859-ல் டெபுடி கலெக்டர் ஆனார். 1865-ல் சப்-ஜட்ஜாக மங்களூருக்குச் சென்றார்.

இந்தப் படிகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். கணக்கு எழுதும்போது அடுத்த படி ஆங்கிலம். ஆங்கிலம் வந்த பிறகு அடுத்த படி கட்டுரைப் போட்டி. வேலை கிடைத்த பிறகு அடுத்த படி வக்கீல் தேர்வு. ஒரு நேரத்தில் ஒரு படிதான். திருவாரூர்ச் சிறுவன் ஐகோர்ட்டு நாற்காலியைக் கனவு கண்டிருக்க முடியாது. அப்போது சென்னையில் ஐகோர்ட்டே இல்லை. அது 1862-ம் ஆண்டில்தான் ஏற்பட்டது.

மாஜிஸ்திரேட்டு மாணவர் ஆனார்

1868-ம் ஆண்டில் முத்துசாமி அய்யர் சென்னைக்குப் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக வந்தார். வயது 36. குடும்பம், பதவி, மரியாதை எல்லாம் இருந்தன. இனி என்ன படிப்பு என்று பலர் நினைக்கும் வயது அது. ஆனால் அவரிடம் பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் இல்லை. பகலில் குற்றவாளிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன மாஜிஸ்திரேட்டு, மாணவராகவும் மாறி பி.எல். பட்டம் பெற்றார்.

அவருடைய மாஜிஸ்திரேட்டு காலத்து வழக்கு ஒன்று பெரிதாகப் பேசப்படுகிறது. ஐகோர்ட்டின் வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் ஓர் இந்தியரை அடித்துவிட்டதாகப் புகார் வந்தது. முத்துசாமி அய்யர் தயங்காமல் விசாரித்து, அந்த நீதிபதிக்கு மூன்று ரூபாய் அபராதம் விதித்தார் என்று சொல்லப்படுகிறது. தொகை சிறியதுதான். ஆனால் ஆள்கிறவன் ஆளப்படுகிறவனை அடித்தால் கேள்வி இல்லை என்று இருந்த காலம் அது.

எதிர்ப்பில் பிறந்த பத்திரிகை

பின்னர் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியானார். அங்கிருந்து ஐகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே.

ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை. இந்தியருக்கு இந்தப் பதவியா என்று தாக்கி எழுதின. பதில் எழுத இந்தியர் கையில் ஆங்கிலப் பத்திரிகை இல்லையே என்று ஆறு இளைஞர்கள் கொதித்தார்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 1878 செப்டம்பர் 20-ந் தேதி ஒரு வாரப் பத்திரிகையை வெளியிட்டார்கள். அச்சடித்தது 80 பிரதிகள். அதுதான் இந்து பத்திரிகை.

முத்துசாமி அய்யர் தமது தீர்ப்புகளாலேயே விமர்சனங்களுக்குப் பதில் சொன்னார். இந்து சட்டத்தில் அவருடைய தீர்ப்புகளை வக்கீல்கள் மதிப்போடு எடுத்துக்காட்டினார்கள். மலபார் திருமண முறையை ஆராய 1891-ல் அமைக்கப்பட்ட கமிஷனுக்குத் தலைவராக இருந்தார். 1893-ம் ஆண்டில் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் பணியாற்றினார். அதே ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது. 1895 ஜனவரி 25-ந் தேதி, 63-வது பிறந்த நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது காலமானார். கடைசி வரையில் பதவியில் இருந்தார். ஐகோர்ட்டு கட்டிடத்தில் அவருக்குப் பளிங்குச் சிலை வைக்கப்பட்டது.

உழைப்பு மட்டும் போதுமா?

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, உழைத்தால் எல்லாரும் உயரலாம் என்று சொல்லி முடிப்பது எளிது. அது பாதி உண்மை. முத்துசாமிக்கு வறுமை இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தின் கதவு அவருக்கு மூடப்படவில்லை. அதே திருவாரூர் வட்டாரத்தில், சாதியின் பெயரால் பள்ளி வாசலை மிதிக்க முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர் வயலில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை கெட்டிக்காரர்கள் இருந்தார்களோ! பெண் பிள்ளைகள் நிலையும் அதுதான். தாசில்தாரின் கண்ணில் படாமல் போயிருந்தால் முத்துசாமியும் கணக்குப்பிள்ளையாகவே காலத்தைக் கழித்திருக்கக்கூடும்.

ஆகவே இரண்டு பேரின் தீர்மானம் இதில் இருக்கிறது. படித்தே தீருவது என்பது பையனின் தீர்மானம். இவனைப் படிக்க வைத்தே தீருவது என்பது தாசில்தாரின் தீர்மானம். ஒன்று இல்லாமல் மற்றது பலித்திருக்காது.

மதராசி கேம்பில் இருந்து நரேலாவுக்கு

டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா வாய்க்கால் ஓரமாக இருந்த மதராசி கேம்பைத் தெரியாத டெல்லித் தமிழர் இருக்க முடியாது. பிழைப்பு தேடித் தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் பல பத்து ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தார்கள். ஆண்கள் கூலி வேலைக்கும், பெண்கள் சுற்று வட்டார வீடுகளில் வேலைக்கும் போனார்கள். கோர்ட்டு உத்தரவுப்படி 2025 ஜூன் 1-ந் தேதி அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. 300-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. தகுதி உள்ளவர்கள் என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலா சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வேலை ஒரு மூலையில், வீடு ஒரு மூலையில், பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளி இன்னொரு மூலையில் என்று ஆகிவிட்டது.

ஊரை விட்டு ஊர் வந்த தாயும் பிள்ளையும் திருவாரூரில் இருந்த நிலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு பையனோ பெண்ணோ படிப்பைப் பாதியில் நிறுத்தினால், தெரு விளக்குக் கதையைச் சொல்லி அறிவுரை கூறுவதால் பயன் இல்லை. தாசில்தாரைப் போல ஒருவர் வேண்டும்.

அதற்குப் பெரிய பணம் தேவை இல்லை. பள்ளியை நிறுத்தியவர்கள் வேலை பார்த்துக்கொண்டே 10-ம் வகுப்பும் 12-ம் வகுப்பும் எழுதத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பட்டம் படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2023-ம் ஆண்டில் இருந்து சில தேர்வுகளைத் தமிழிலும் நடத்துகிறது. இவை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. விண்ணப்பம் எந்தத் தேதிக்குள், எந்தச் சான்றிதழோடு என்பது ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தெரிந்த வித்தை. கூலித் தொழிலாளிக்கு அதுவே பெரிய மலை.

புதிய டைரியின் முதல் பக்கத்தில் பத்துத் தீர்மானம் எழுத வேண்டாம். இரண்டு போதும். ஒன்று, தான் இந்த ஆண்டில் எழுதப் போகும் ஒரே ஒரு தேர்வின் பெயர், அதற்குரிய தேதியோடு. இன்னொன்று, தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் படிக்க வைக்கப் போகும் ஒரு பிள்ளையின் பெயர். பொங்கல் கழிந்த பிறகும் அந்தப் பக்கத்தை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்த்தால், வருடக் கடைசியில் இரண்டு பேர் ஒரு படி ஏறியிருப்பார்கள்.