முத்துவின் பறவை

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தை அடுத்து, வங்காலைப் பக்கத்தே பரந்து கிடக்கும் களப்புகள் 2010 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பெற்றன. மாரிக்காலத்தில் ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் நீலச்சிறகு வாத்துகளும் அங்கே ஆயிரக்கணக்கில் வந்து தங்குகின்றன. அக்கூட்டத்தைக் காண்பது எளிது. அதனுள் ஒதுங்கி நிற்கும் வேற்றினப் பறவை ஒன்றைக் கண்டு தெளிவது அரிது. பழகிய ஆயிரத்தை நன்கறிந்த கண்ணுக்கே பழகாத ஒன்று புலப்படும். இவ்வுண்மையை எண்ணுந்தோறும், மன்னாருக்கு வடக்கே, யாழ்ப்பாணக் குடாநாட்டின் முனையாகிய பருத்தித்துறையில் தங்கிப் பறவை ஆராய்ந்த எட்கர் லேயார்டு என்பாரின் வரலாறு என் நினைவில் எழுகின்றது.

லேயார்டு 1824 ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்சு நகரிற் பிறந்தவர். மண்ணுள் மறைந்த அசீரிய மாநகரங்களை அகழ்ந்து புகழ்பெற்ற ஆஸ்டின் ஹென்றி லேயார்டு இவருடைய தமையனார். தமையனார் பழமையைத் தோண்டினார். தம்பியாரோ மரக்கிளைகளை நோக்கி நின்றார். 1846 இல் இலங்கை போந்த இவர், அரசுப் பணியின் இடையே பறவைகளைத் திரட்டலானார். இராணுவ மருத்துவர் டெம்பிள்டன் இவருக்குத் துணையானார். கல்கத்தாவில் அருங்காட்சியகப் பொறுப்பிலிருந்த எட்வர்டு பிளைத், இவர் அனுப்பியவற்றை ஆராய்ந்தார். இலங்கைக்கே உரிய கிளியினம் ஒன்றுக்கு லேயார்டின் மனைவியார் பிறந்த குடியின் பெயரை 1849 இல் பிளைத் சூட்டினார். ஆளுநர், புரவலர், நண்பர், மனைவியர் ஆகியோர் பெயர்களே பறவைகளுக்கு வழங்கிய காலம் அது.

ஆனால், காட்டிலும் கரையிலும் அலைந்து பறவையைக் கொணர்ந்தவர் யார்? லேயார்டின் பணியாளராகிய முத்து. பருத்தித்துறையில், ஆனித் திங்களை ஒட்டிய ஒரு காலைப்பொழுதில், அவர் சிறு பறவை ஒன்றைக் கொணர்ந்து தந்தார். பார்வைக்கு அஃது எளிய பழுப்பு நிற ஈபிடிப்பானே. அதனை ஒத்த மற்றோர் இனமும் இந்நாட்டிற்கு வருவதுண்டு. எனினும் அவ்வினத்தின் கால்கள் கருநிறம். இதன் கால்கள் வெளிறியவை. கீழலகு மஞ்சள் சாயல் உடையது. மார்பிற் பழுப்பு படர்ந்திருக்கும். இத்துணை நுண்ணிய வேறுபாடுகளே ஓரினத்தை மற்றோரினத்தினின்று பிரிக்கின்றன. வடகிழக்கு இந்தியா முதல் தென்சீனம் வரையுள்ள மலைக்காடுகளிற் கூடு கட்டிக் குளிர்காலத்தில் தெற்கே வரும் இப்பறவை, பருவந் தப்பிய வேளையில் முத்துவின் கையில் அகப்பட்டமை வியப்பினும் வியப்பு.

1854 இல் அதனை உலகிற்கு அறிவித்த லேயார்டு, முத்துவின் பொறுமையும் வேட்டைத் திறனுமே தம் சிறந்த பறவைகள் பலவற்றை ஈட்டித் தந்தன என்று மனமாரக் கூறி, அப்பறவைக்கு முத்துவின் பெயரையே இட்டார். தம் பணியாளருக்குத் தாம் பட்ட கடனை அறிவியல் ஏட்டில் அழியாதவாறு எழுதிவைத்தல் எளிய செயலன்று. அந்நாளில் அங்ஙனம் செய்தவர் மிகச் சிலரே.

அதன்பின் லேயார்டு தென்னாப்பிரிக்கா சென்று கேப் நகர அருங்காட்சியகத்தைப் பேணினார். அந்நாட்டுப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை 1867 இல் வெளியிட்டார். பிரேசில், பிஜி, நியூ கலிடோனியா ஆகிய இடங்களிலும் பணியாற்றி, 1900 ஆம் ஆண்டின் முதல் நாளில் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் வாழ்வைச் சொல்ல நூல்களும் பதவிகளும் பல உள. முத்துவுக்கு உள்ளது ஒரு சொல்லே.

அவ்வொரு சொல்லின் உறுதியை மாணவர் அறிதல் வேண்டும். லேயார்டு தம் பறவையைப் பூட்டாலிஸ் என்னும் பேரினத்தில் வைத்தார். பின்வந்தோர் அதனை மஸ்சிகாப்பா என்னும் பேரினத்துக்கு மாற்றினர். பேரினப் பெயர் மாறிற்று. முட்டுயி என்னும் சிறப்புப் பெயர் மாறவில்லை. மேல்நாட்டார் நாவில் அவ்வாறு ஒலிப்பினும், அது நம் முத்துவே.